புழுவுக்கும் கொஞ்சம் பருத்தி!

குட்டி நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு விவசாயி தன் பருத்தி வயலில் புழுவை ஒழிக்க நினைக்கிறார். அதற்கு அவர் என்ன செய்ய வேண்டுமாம், தெரியுமா? வயலின் ஓரத்தில் கொஞ்சம் இடத்தைப் புழுவுக்கென்றே ஒதுக்கி, "வா, வந்து சாப்பிட்டு நன்றாக இரு" என்று விட்டுவிட வேண்டுமாம்!

சிரிக்காதீர்கள். இது விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்ன யோசனை. அரசாங்கங்கள் விதியாகவே எழுதி வைத்த யோசனை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அந்த விதியைப் பின்பற்றினார்கள். அங்கே இன்று அந்தப் புழுவே இல்லை. நம் நாட்டில் அதைப் பெரும்பாலும் யாரும் செய்யவில்லை. இங்கே அந்தப் புழு குஜராத்திலிருந்து பஞ்சாப் வரை விவசாயிகளைத் தூங்க விடாமல் செய்து கொண்டிருக்கிறது. புழு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். செடிக்குள் வைத்த நஞ்சும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

முதலில் நம் கதாநாயகரை... இல்லை, வில்லனை அறிமுகப்படுத்தி விடுகிறேன். அவர் பெயர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. 1842-ஆம் ஆண்டில் குஜராத்தின் பரூச் பகுதியில் பருத்தியைக் கெடுத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். அடுத்த ஆண்டே சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பூச்சியியல் அறிஞர் அவருக்கு அறிவியல் பெயர் சூட்டினார். பருத்தியோடு பருத்தியாகக் கப்பலேறி, பல நாடுகளைச் சுற்றி, 1917-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் வரை போய்ச் சேர்ந்து விட்டார்!

இதன் தாய் ஒரு சின்ன அந்துப்பூச்சி. உங்கள் விரல் நகத்தின் மேல் உட்கார வைத்துவிடலாம். இரவில் பறந்து வந்து பருத்திச் செடியில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு தலைமுடியைப் போல மெல்லியது, நிறம் வெள்ளை. வளர்ந்த பிறகுதான் உடம்பில் இளஞ்சிவப்புப் பட்டைகள் வரும். பிறந்த கையோடு அது சப்பைக்குள்ளோ காய்க்குள்ளோ துளைத்துக்கொண்டு போய்விடும். அது போன ஓட்டையும் விரைவில் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் காய் பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும். உள்ளேயோ, ஐயா சாவகாசமாக உட்கார்ந்து விதைகளைத் தின்றுகொண்டிருப்பார்! காய் வெடிக்கும்போதுதான் பஞ்சு கறை பிடித்துக் கட்டியாகக் கிடப்பது தெரியும்.

இப்போது புரிகிறதா? மருந்து தெளித்தால் அது காயின் மேலே விழும். புழுவோ உள்ளே பத்திரமாக இருக்கிறது. பருத்தியைத் தாக்கும் புழுக்கள் இன்னும் சில உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து விவசாயிகள் மருந்தை அடித்துத் தள்ளினார்கள். 1990-களில் நம் நாட்டில் தெளிக்கப்பட்ட பூச்சிமருந்தில் பாதிக்கு நெருக்கமான அளவு பருத்திக்கே போனது. அப்படியும் புழு அடங்கவில்லை.

குடலுக்குள் ஒரு பூட்டு

சரி, மருந்தைச் செடிக்குள்ளேயே வைத்துவிட்டால்?

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது இஷிவாட்டா என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவுப் பூச்சியின் புழுவில் பெர்லினர் என்பவரும் இதைக் கண்டார். அந்த ஊரின் பெயரையே வைத்து 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று அழைத்தார். வாயில் நுழையவில்லை அல்லவா? அதனால்தான் எல்லாரும் சுருக்கமாக 'பி.டி.' என்கிறார்கள்.

இந்தப் பாக்டீரியா தன் உடலுக்குள் ஒரு புரதத்தைப் படிகமாகச் செய்து வைத்துக்கொள்கிறது. புழு அதைத் தின்றால் குடலில் படிகம் கரைகிறது. நம் வயிற்றில் அமிலம் இருக்கிறது. காய்ப்புழுவின் குடலில் அதற்கு நேர்மாறாகக் காரத்தன்மை இருக்கிறது. அந்தக் காரத்தில் கரைந்த புரதத்தை, புழுவின் செரிமான நீரே வெட்டிக் கூர்மையாக்குகிறது. அப்படி வெட்டப்பட்ட புரதம் ஒரு சாவி மாதிரி. புழுவின் குடல் சுவரில் அதற்குப் பொருந்தும் பூட்டுகள் இருக்கின்றன. சாவி பூட்டில் நுழைந்ததும் குடல் சுவரில் ஓட்டை விழும். புழு தின்பதை நிறுத்தி விடும். பிறகு செத்துவிடும். நம் குடலில் அந்தப் பூட்டு இல்லை. அதனால் அந்தச் சாவிக்கு நம்மிடம் வேலையும் இல்லை.

இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை எடுத்துப் பருத்திச் செடிக்குள் வைத்தார்கள். அதுதான் பி.டி. பருத்தி. செடியின் இலை, சப்பை, காய் எல்லாமே அந்தச் சாவியைச் செய்யும். 1996-இல் அமெரிக்காவில் விவசாயிகள் இதை விதைத்தார்கள். இந்தியாவில் 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. முதலில் அனுமதி பெற்ற ஆறு மாநிலங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. 2006-இல் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விதமான நஞ்சுப் புரதங்களைக் கொண்ட பருத்தியும் வந்தது. முதல் சில ஆண்டுகள் காய்ப்புழுக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மருந்துச் செலவும் குறைந்தது.

ஆனால் விஞ்ஞானிகளுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு பயம் இருந்தது. புரூஸ் தபாஷ்னிக் என்ற பூச்சியியல் அறிஞர், பி.டி. பருத்தி வருவதற்கு முன்பே, 1990-இல், ஹவாய்த் தீவுகளிலிருந்து ஒரு செய்தி சொல்லியிருந்தார். அங்கே பி.டி. பாக்டீரியாவை மருந்தாகத் தெளித்து வந்த வயல்களில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் அதற்கு அசையாமல் நின்றன! ஒரு புழு பழகிக்கொண்டால் இன்னொரு புழு பழகாதா?

"பழகிக்கொண்டால்" என்று எழுதிவிட்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள். எந்தப் புழுவும் தினம் ஒரு துளி நஞ்சு சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்வதில்லை. நடப்பது வேறு.

இரண்டு சீட்டுக் கணக்கு

ஒவ்வொரு புழுவும் பிறக்கும்போது இரண்டு சீட்டு வாங்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பா கொடுத்தது. ஒன்று அம்மா கொடுத்தது. குடலில் எந்தப் பூட்டு வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான சீட்டுகளில் 'பழைய பூட்டு' என்றே இருக்கும். எங்கோ ஒன்றில் மட்டும் எழுத்துப்பிழை விழுந்து 'மாறிய பூட்டு' என்று இருக்கும். இந்த மாறிய பூட்டில் பி.டி. சாவி நுழையாது.

ஆனால் ஒரு சங்கதி. இரண்டு சீட்டில் ஒன்று பழையதாக இருந்தாலும் பழைய பூட்டு குடலில் வந்துவிடும், பி.டி. பருத்தியைத் தின்றால் புழு காலி. இரண்டு சீட்டுமே மாறியதாக இருந்தால்தான் அது பிழைக்கும்.

கணக்கு நோட்டை எடுங்கள். நூறு சீட்டில் ஒன்று மாறியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புழுவுக்கு இரண்டு சீட்டுமே மாறியதாக வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு? நூறில் ஒன்று, அதில் மறுபடி நூறில் ஒன்று. ஆக, பத்தாயிரத்தில் ஒன்று! பி.டி. வயலில் பத்தாயிரம் புழுக்கள் பிறந்தால் 9,999 சாகும். ஒன்று பிழைக்கும்.

"ஒன்றுதானே, போகட்டும்" என்பீர்கள். அந்த ஒன்று அந்துப்பூச்சியாகிப் பறக்கும்போது ஜோடி தேடும். சுற்றுவட்டாரம் முழுக்க பி.டி. பருத்தியே இருந்தால், உயிரோடு இருப்பவை அதைப்போலவே இரண்டு மாறிய சீட்டுடன் பிழைத்தவை மட்டும்தான். அந்த ஜோடியின் பிள்ளைகள் எல்லாருக்கும் என்ன சீட்டு கிடைக்கும்? இரண்டும் மாறிய சீட்டு! ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கும் மேல் முட்டையிடும். சில பருவங்களில் வயல் முழுக்க அவர்கள் குடும்பம்தான்.

இப்போது வயலோரத்தில் சாதாரணப் பருத்தி கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அங்கே ஆயிரக்கணக்கான சாதாரணப் புழுக்கள் சுகமாக வளர்ந்து அந்துப்பூச்சிகளாகப் பறக்கும். பிழைத்து வந்த அந்த ஒற்றைப் பூச்சிக்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் ஜோடியாகக் கிடைக்கும். அவற்றின் பிள்ளைகளுக்கு ஒரு சீட்டு மாறியது, ஒரு சீட்டு பழையது. அந்தப் பிள்ளைகள் பி.டி. செடியைக் கடித்தால்? காலி!

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஓரத்தில் விட்டுவைக்கும் இந்தச் சாதாரணப் பருத்திக்குப் 'புகலிடப் பயிர்' என்று பெயர். அதில் வளரும் புழுக்கள்தான், பி.டி. பருத்தியின் நஞ்சு தொடர்ந்து வேலை செய்யக் காவல் இருக்கின்றன.

அரிசோனாவில் நடந்தது

அரிசோனாவின் விவசாயிகள் பெரும்பாலும் இந்த விதியைக் கடைப்பிடித்தார்கள். தபாஷ்னிக்கும் அவருடைய பல்கலைக்கழகக் குழுவினரும் ஆண்டுதோறும் வயல்களிலிருந்து புழு விழுந்த காய்களைப் பறித்து வருவார்கள். அந்தப் புழுக்களை வளர்த்து, அவற்றின் குஞ்சுகளைக் கோதுமை முளை கலந்த உணவில் விடுவார்கள். சில கிண்ணங்களில் வெறும் உணவு. சில கிண்ணங்களில் பி.டி. நஞ்சு கலந்த உணவு. மூன்று வாரம் கழித்து எத்தனை பிழைத்தன என்று எண்ணுவார்கள். நஞ்சுக் கிண்ணத்தில் எல்லாம் செத்திருந்தால் நல்ல செய்தி. உயிரோடு கொழுத்துத் திரிந்தால் ஆபத்து. புழுவுக்கு வைக்கும் தேர்வு மாதிரிதான். ஆனால் இதில் புழு ஃபெயிலானால்தான் ஆசிரியருக்குச் சந்தோஷம்!

1997-இல் இந்தத் தேர்வின் முடிவு விஞ்ஞானிகளைத் திடுக்கிட வைத்தது. அரிசோனாவின் சில வயல்களில் நூறு சீட்டில் 16 மாறிய சீட்டு என்று கணக்கு வந்தது. நாம் மேலே போட்ட கணக்கில் நூற்றுக்கு ஒன்றுதானே வைத்தோம்? "இனி அவ்வளவுதான்" என்று பயந்தார்கள். ஆனால் 1999-இல் மறுபடி பார்த்தபோது அது கூடவே இல்லை! புகலிடப் பயிர் வேலை செய்துகொண்டிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. மாறிய பூட்டு வைத்திருக்கும் புழுக்கள் சாதாரணப் பருத்தியில் மற்றவற்றைவிட நோஞ்சான்கள். குளிர்காலத்தைத் தாண்டுவதும் அவற்றுக்குக் கஷ்டம். குடலின் பூட்டு சும்மா வைக்கப்பட்டதில்லை. புழுவுக்கு அதனால் ஏதோ பயன் இருக்கிறது.

பிறகு, 2006-இல் அரிசோனா விவசாயிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் காய்ப்புழுக்களை வளர்த்தார்கள். அந்துப்பூச்சி ஆனதும் அவற்றின் மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சி, குஞ்சு பொரிக்க முடியாதவையாக மாற்றினார்கள். விமானத்தில் ஏற்றி வயல்களின் மேல் தூவினார்கள்! 2006 முதல் 2010 வரை தூவியவை சுமார் 200 கோடி. வயலில் பிழைத்திருக்கும் பூச்சி இவற்றோடு ஜோடி சேர்ந்தால் வாரிசே இருக்காது. வயலில் வைத்த பொறியில் விழுந்த பூச்சி சொந்த ஊர்க்காரரா, விமானத்தில் வந்தவரா என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஆய்வகப் புழுக்களின் உணவில் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள். பூச்சியை நசுக்கிப் பார்த்தால் வயிறு சிவப்பாக இருக்கும்!

இந்தப் பூச்சிகள் புகலிடப் பயிரின் வேலையைச் செய்ததால், அந்த ஆண்டுகளில் விவசாயிகள் வயல் முழுக்க பி.டி. பருத்தி விதைக்கவும் அனுமதி கிடைத்தது. 2018 அக்டோபரில் அமெரிக்க விவசாயத் துறை, தங்கள் நாட்டுப் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. 1917-இல் வந்த விருந்தாளி நூறு வருடம் கழித்துத்தான் கிளம்பினார்.

இங்கே நடந்தது

நம் நாட்டிலும் விதி இருந்தது. பி.டி. வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது பரப்பில் நூற்றுக்கு இருபது பங்கு, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டும். ஓர் ஏக்கருக்கான விதைப் பெட்டியில் 450 கிராம் பி.டி. விதையும், கூடவே தனிப் பொட்டலமாக 120 கிராம் சாதாரண விதையும் வைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சின்னப் பொட்டலத்தைப் பெரும்பாலானோர் விதைக்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

உடனே விவசாயிகளைக் குறை சொல்லக் கிளம்பாதீர்கள். அமெரிக்காவில் ஒருவருக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கும். இங்கே இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய், "இதில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்குக் கொடு" என்றால் அவர் மனம் ஒப்புமா? கடன் வாங்கி விதைத்தவர் அவர். அது எதற்கு என்று சீட்டுக் கணக்குப் போட்டு அவருக்குப் புரிய வைத்தவர்களும் குறைவு. கணக்கைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், வகுப்பில் கூட யாரும் கேட்பதில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அமெரிக்கன் காய்ப்புழு என்று வேறொரு புழு உண்டு. அது துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். ஆகவே அதற்கு ஊரெல்லாம் இயற்கையான புகலிடம். பி.டி. பருத்தி அந்தப் புழுவை இன்றும் பெருமளவு அடக்கி வைத்திருக்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ சாப்பாட்டு விஷயத்தில் பிடிவாதக்காரர். பருத்தியை விட்டால் அவருக்கு வேறு சாப்பாடு அநேகமாக இல்லை. 2014 வாக்கில் நாட்டின் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது. பல இடங்களில் இன்னும் இரண்டு பறிப்பு கிடைக்குமே என்று பிப்ரவரி, மார்ச் வரை செடியை வயலில் விட்டார்கள். புழுவுக்குத் தலைமுறை மேல் தலைமுறையாக பி.டி. பருத்தி மட்டுமே உணவு.

2008-இல் குஜராத்தின் அம்ரேலியில் எடுத்த புழுக்கள், டெல்லி ஆய்வகத்தில் வைத்த நஞ்சுத் தேர்வில் பிழைத்து நின்றன. 2010-இல் விதை நிறுவனமும் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் முதல் நஞ்சு பலிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. இரண்டு நஞ்சு கொண்ட பருத்தி காப்பாற்றும் என்று நம்பினார்கள். ஆனால் முதல் பூட்டு ஏற்கெனவே மாறிவிட்டதே! இரண்டாவது நஞ்சு தனியாகத்தான் போராட வேண்டியிருந்தது. 2014, 2015 பருவங்களில் அதையும் புழு தாண்டிவிட்டது. 2017-இல் மகாராஷ்டிராவின் விதர்ப்பா பகுதியில் காய்க்குக் காய் புழு. 2021-இல் பஞ்சாபின் பட்டிண்டா, மான்சா பக்கம் வயல்கள் பாழாயின.

அந்த 2017-ஆம் ஆண்டில் விதர்ப்பாவின் யவத்மாலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பருத்திக்கு மருந்து தெளித்தபோது அந்த நஞ்சை உடம்பில் வாங்கி ஏறத்தாழ இருபது பேர் இறந்து போனார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். விவசாயிகளும் கூலிக்காரர்களும்தான், உங்களைப் போன்ற பிள்ளைகளின் அப்பாக்கள். தெளிப்பானைத் தோளில் மாட்ட வேண்டிய நாட்களைக் குறைப்பதற்காகத்தானே செடிக்குள் மருந்தை வைத்தோம்?

சீனாவில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆறு மாகாணங்களில் விஞ்ஞானிகள் 2005 முதல் 2015 வரை இதே புழுவைச் சோதித்தார்கள். முதலில் மாறிய சீட்டுகள் கூடிக்கொண்டே போயின. பிறகு குறையத் தொடங்கின! காரணம், அங்கே பி.டி. பருத்தியையும் சாதாரணப் பருத்தியையும் ஒட்டவைத்து, அதன் இரண்டாம் தலைமுறை விதையை மலிவாக விற்றார்கள். அப்படிப்பட்ட விதையில் கால் பங்கு செடிகளுக்கு பி.டி. மரபணு வராது. நாலு செடிக்கு ஒரு செடி, வயலுக்குள்ளேயே, யாரும் சொல்லாமலே புகலிடம் ஆகிவிட்டது.

நம் நாட்டிலும் தனிப் பொட்டலத்தை விட்டுவிட்டு, சாதாரண விதையைப் பி.டி. விதையோடு கலந்தே ஒரே பையில் விற்கும் முறை பின்னாளில் வந்தது. கூடவே, பருத்தியை டிசம்பர், ஜனவரியோடு முடித்து, பருத்திமாரை வயலில் விட்டுவைக்காமல் அகற்றச் சொல்கிறார்கள். பெண் பூச்சியின் வாசனையை வைத்த இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சிகள் வந்து விழும்; ஒரு பொறியில் தொடர்ந்து மூன்று இரவு, இரவுக்கு எட்டுப் பூச்சி விழுந்தால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கணக்கு. அதே வாசனையை வயல் முழுக்கச் செடிகளில் கட்டிவிட்டு, ஆண் பூச்சிகளுக்குத் திசை தெரியாமல் குழப்புகிற தந்திரமும் வந்திருக்கிறது.

உங்கள் ஊரில் பருத்தி உண்டா? பூக்கும் சமயத்தில் அப்பாவோடோ தாத்தாவோடோ காலையில் போய்ப் பாருங்கள். நல்ல பருத்திப் பூ விரிந்து இருக்கும். சில பூக்கள் மட்டும் விரியாமல், இதழ்களின் நுனிகளைச் சேர்த்துத் தைத்தது போல ரோஜா மொட்டு மாதிரி மூடி நிற்கும். அதைப் பறித்து இதழைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் சின்னப் புழுவை உங்களுக்கு இப்போது அடையாளம் தெரியும். மருந்து தெளித்த வயல் என்றால் மட்டும் வரப்பைத் தாண்டக் கூடாது.